மூட்டை வந்த ஊர்

முதல் நாள்

தென் அமெரிக்க நாடான கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஸ்டாப்ரோக் சந்தைப் பக்கம் போனால் 43 என்று எண் போட்ட மினிபஸ்களைப் பார்க்கலாம். "லிண்டன், லிண்டன்" என்று கூவிக்கொண்டே, பையைப் பிடுங்காத குறையாக ஆளை உள்ளே தள்ளுகிறார்கள். நான் ஏறியபோது வண்டியில் மூன்று பேர். கடைசி இருக்கையும் நிரம்பினால்தான் வண்டி நகரும் என்பதில் எல்லா நாட்டு ஓட்டுநர்களும் ஒரே கட்சி. முக்கால் மணி நேரம் உள்ளே வெந்துகொண்டிருந்தேன்.

விடுதியில், "லிண்டனில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். கயானாவுக்கு வருகிறவர்கள் அருவி பார்க்கக் காட்டுக்குப் போவார்கள், அல்லது 2015இல் கடலுக்கடியில் கண்டுபிடித்த எண்ணெயின் பின்னால் வருவார்கள். நான் வந்தது ஒரு சாக்கு மூட்டையின் பின்னால். உருக்காலைகளுக்கு ரிஃப்ராக்டரி என்ற, நெருப்பைத் தாங்கும் செங்கல் செய்து கொடுக்கும் ஆலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், கிடங்கின் ஒரு மூலையில் தனியாக அடுக்கிய மூட்டைகள் இருக்கும். உள்ளே சுட்டெடுத்த பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. மேலே 'கயானா' என்று அச்சு. அதைப் பிரிக்க மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். அவ்வளவு மரியாதை. சில வருடங்களில் சீன மூட்டைகள் வந்தன, விலை பாதி. கயானா மூட்டை மூலையிலிருந்து மறைந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஏனோ அந்த மூலைதான் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

சோஸ்டைக் வரை ஆற்றை ஒட்டிய சமவெளி, வீடுகள், கடைகள். அங்கே தெற்கே திரும்பியதும் நிலமே மாறிவிடுகிறது. மேடும் பள்ளமுமாக வெள்ளை மணல், சர்க்கரையைக் கொட்டியதுபோல. நடுவே குட்டைக் காடு. கண் கூசுகிறது. இந்தச் சாலை 1968இல்தான் வந்தது. அதற்கு முன் ஆறுதான் வழி, 'ஆர். எச். கார்' என்ற நீராவிக் கப்பலில் ஏறினால் பொழுதெல்லாம் டெமராரா ஆற்றில்தான்.

தலைநகரிலிருந்து 65 மைல். இரண்டு மணி நேரத்தில் முதலில் தெரிந்தது ஆலைப் புகைபோக்கி, அப்புறம்தான் ஊர். கிழக்குக் கரையில் மெக்கன்ஸி, மேற்குக் கரையில் விஸ்மார், அதன் பக்கத்தில் கிறிஸ்டியன்பர்க். மூன்றையும் ஒன்றாக்கி 1970இல் லிண்டன் என்று பெயர் வைத்தார்கள். அது அன்றைய பிரதமர் லிண்டன் ஃபோர்ப்ஸ் பர்னமின் பெயர். பதவியில் இருக்கும்போதே தன் பெயரை ஒரு நகரத்துக்குச் சூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

என் தங்குமிடம் விஸ்மாரில். இரு கரைகளையும் சேர்க்கும் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிதான் போக முடிந்தது. எதிர்ப்பக்கம் வருகிறவர்கள் வந்து தீரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கீழே ஆறு கடுந்தேநீர் நிறத்தில். கடல் இத்தனை தூரத்தில் இருந்தும் இங்கே ஆற்றில் ஏற்ற இறக்கம் உண்டு.

இரண்டாம் நாள்

வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை, கறுப்பினத்தவர். இங்கே வயதில் பெரிய பெண்கள் எல்லோரும் 'ஆன்ட்டி', ஆண்கள் 'அங்கிள்'. ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்ததும், "கடற்கரைப் பக்கத்துப் பையனா?" என்றார். கயானா இந்தியர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சமவெளியில் இருக்கிறார்கள். இல்லை, இந்தியாவிலிருந்தே வருகிறேன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் உலையில் வேலை பார்த்தவர். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவார், கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு.

காலையில் படகில் மெக்கன்ஸிக்குப் போனேன். பாலத்தில் காத்திருப்பதைவிட இந்தச் சின்ன மோட்டார் படகுகளே மேல். ஊர்க்காரர்களும் அப்படித்தான் போய்வருகிறார்கள்.

மெக்கன்ஸி என்ற பெயர் ஜார்ஜ் பெய்ன் மெக்கன்ஸி என்பவருடையது. முதல் உலகப் போர் தொடங்கும் காலத்தில் அமெரிக்க அலுமினியக் கம்பெனிக்காக ஆற்றோர நிலங்களை வாங்கியவர். ஆரஞ்சுத் தோட்டம் போடப்போகிறேன் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கினார் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஆரஞ்சு வந்ததா தெரியாது, 1916இல் டெமராரா பாக்சைட் கம்பெனி வந்தது. சுருக்கமாக டெம்பா. 1917இல் தாது ஏற்றிய கப்பல் புறப்பட்டது. 1920களின் கடைசியில் டெம்பா கனடாவின் அல்கான் கம்பெனி கைக்குப் போனது.

தாது கனடாவில் கியூபெக் மாநிலத்தின் ஆர்விடா நகரத்துக்குப் போயிற்று. ஆர்விடாவும் ஆள் பெயர்தான்: ஆர்தர் வைனிங் டேவிஸ் என்ற கம்பெனித் தலைவரின் பெயரிலிருந்து முதல் எழுத்துகளைப் பிய்த்து ஒட்டியது. தோண்டும் ஊருக்கு நிலம் வாங்கியவர் பெயர், உருக்கும் ஊருக்கு முதலாளி பெயர், பிறகு வந்த பெயர் பிரதமருடையது. மண்வெட்டி பிடித்த ஒருவன் பெயரும் இந்தப் பட்டியலில் இல்லை.

உருக்குவதை இங்கேயே செய்திருக்கலாமே என்று தோன்றும். நான்கு டன் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வடித்தால் இரண்டு டன் அலுமினா. அதை மின்சாரத்தால் பிரித்தால் ஒரு டன் அலுமினியம். அந்தக் கடைசிப் படிக்கு டன்னுக்குப் பதின்மூன்றாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். எங்கே ஆற்றை மறித்து மலிவாக மின்சாரம் எடுக்கிறார்களோ அங்கேதான் உலை. கியூபெக்கில் சாகனே ஆறு இருந்தது. டெமராராவில் கப்பல் போகத் தண்ணீர் இருந்தது, அதுவும் அரைகுறையாக. ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் திட்டு. கப்பலை இங்கே முழுக்க நிரப்பினால் தட்டிவிடும் என்று, கொஞ்சம் ஏற்றி, மீதியை டிரினிடாடில் போய் நிரப்பினார்கள்.

மாலையில் வட்டூக்கா பகுதியில் நடந்தேன். பெரிய மரங்கள், புல்வெளி, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடுகள், ஒரு விருந்தினர் மாளிகை. வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த இடம். அந்தக் காலத்தில் வேலை நிமித்தம் தவிரக் கறுப்பர்கள் இதற்குள் வர முடியாது. வாசலில் கம்பெனியின் காவலர்கள் நிற்பார்கள். தொழிலாளிகளுக்கு மெக்கன்ஸியில் கம்பெனி வீடுகள். அதிலும் இடம் கிடைக்காதவர்கள், வேலை தேடி வந்தவர்கள், கடை வைத்தவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில் விஸ்மாரில். மெக்கன்ஸியில் கம்பெனி விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. ஆற்றின் அகலம் அதிகமில்லை. அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டேதான் விஸ்மாரில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியிருப்பார்கள்.

1947இல் தொழிலாளர்கள் 64 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் கம்பெனியின் காது கொஞ்சம் திறந்தது என்கிறார் ஆன்ட்டி. அவருடைய அப்பா அதில் இருந்தவர்.

மூன்றாம் நாள்

மழை. தகரக் கூரையில் விழும் ஓசையில் பக்கத்து அறையில் பேசுவது கேட்கவில்லை. அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரே பானையில் பொங்கும் 'குக்-அப்' சாப்பிட்டேன், இரண்டு தட்டு. தூங்கினேன். வேறு எதுவும் இல்லை.

நான்காம் நாள்

டாக்சி ஓட்டுநர் கடற்கரையில் பெர்பீஸ் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் பேசுகிற ஊரிலிருந்து வருகிறேன் என்றதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என் பாட்டி மதராஸி" என்றார். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சிறு பங்கினர்தான் சென்னையில் ஏறினார்கள். அவர்களுக்கு இன்றும் இங்கே மதராஸி என்றே பெயர். மொழி போய்விட்டது. மாரியம்மா என்ற பெயர் போகவில்லை, உடுக்கையும் வேப்பிலையும் போகவில்லை. பாட்டி சொன்னதாக ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். எனக்குப் பாதி புரிந்தது, அவருக்கு எதுவும் புரியாது. ஆனால் ராகம் தப்பவில்லை.

இயங்கும் சுரங்கத்துக்குள் போக நான் அனுமதி கேட்கவில்லை. வேலை முடிந்து விட்டுப்போன குழிகளைப் பார்க்க வேண்டும் என்றேன். "அதற்கென்ன, ஊரைச் சுற்றி அதுதானே" என்றார்.

செம்மண் பாதையில் அரை மணி நேரம். காடு சட்டென்று முடிந்து, காலடியில் ஒரு பெரும் பள்ளம். பள்ளத்தின் சுவரில் நூறு அடிக்கும் மேலாக வெள்ளையும் மஞ்சளுமாக மணல், களிமண். இந்தப் பாக்சைட் லட்சக்கணக்கான வருடம் மழையில் ஊறி, மற்றதெல்லாம் கரைந்துபோய் அலுமினியம் மட்டும் தங்கிய மண். பிறகு அதன்மேல் வெள்ளை மணல் படிந்து மூடிவிட்டது. தொடக்கத்தில் ஆற்றோரம் மேலாக இருந்ததைக் கையாலேயே வெட்டினார்கள். அது தீர்ந்து உள்ளே போகப் போக மேல்மண் ஐம்பது, அறுபது மீட்டர் ஆயிற்று. ஒரு கரண்டித் தாதுவுக்காக ஒரு வண்டி மண்ணை அள்ளிப் போட வேண்டும். அதற்காக வந்தவைதான் டிராக்லைன் என்ற ராட்சத யந்திரங்கள், ஒரு வீடே நுழையும் வாளியைக் கம்பியில் கட்டி இழுப்பவை.

பள்ளத்தின் அடியில் தண்ணீர். அதன் நிறத்தை எப்படிச் சொல்வது? சுத்தமான நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. துணிக்கு நீலம் போடும்போது வாளியில் முதலில் பரவுமே, அந்த நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜார்ஜ்டவுனிலிருந்து குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்களாம். தோண்டிப் போட்ட மண்ணிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி இறங்கும் தண்ணீர் இது. அழகாக இருப்பதற்கும் மீன் இல்லாததற்கும் ஒரே காரணம். ஓட்டுநர் கல் எடுத்து வீசினார். "ஆழம் யாருக்கும் தெரியாது" என்றார். கல் போன இடத்தில் வட்டம் விரிந்துகொண்டே கரைக்கு வந்தது.

இந்தக் குழிகளிலிருந்து போனதுதான் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானங்களுக்கு உடம்பாயிற்று. கயானாவும் பக்கத்து சுரினாமும் அன்று அந்த அளவுக்கு முக்கியம். 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கரீபியன் கடலில் பாக்சைட் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. நான் வந்து இறங்கிய விமான நிலையமே 1941இல் அமெரிக்கர்கள் போர் விமானங்களுக்காகப் போட்ட தளம்தான்.

என் மூட்டைச் சரக்கின் கதை வேறு. கயானா பாக்சைட்டில் இரும்பு மிகக் குறைவு. அதை அலுமினியமாக்குவதைவிட, சுழலும் நீண்ட உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்தால் எந்த நெருப்புக்கும் அசையாத சரக்காகிவிடும். உருக்காலைப் பாத்திரங்களின் உள்பூச்சுக்கு அதைவிட நல்ல பொருள் அன்று கிடையாது. எண்பதுகளில் சீனா வரும்வரை உலகச் சந்தை கிட்டத்தட்ட இந்த ஊரின் கையில்தான். இப்போது அந்த உலைகளை நடத்துவது பொசாய் என்ற சீனக் கம்பெனி, 2007 முதல். யாருடைய மலிவுச் சரக்கு இந்த ஊரை முடக்கியதோ அந்த நாட்டுக்காரர்களே வந்து ஆலையை வாங்கியிருக்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. ஓட்டுநருக்கு அதில் ஒன்றுமில்லை. "சம்பளம் வருகிறதா, அவ்வளவுதான்" என்றார்.

திரும்பும்போது கேட்டேன், பெர்பீஸிலிருந்து இங்கே எப்படி வந்தீர்கள் என்று. மனைவி இந்த ஊர்ப் பெண். "லிண்டனில் குடியேறப் போகிறேன் என்றதும் என் அம்மா ஒரு மாதம் பேசவில்லை." ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள்

தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

இந்தியர்களும் கறுப்பர்களும் சேர்ந்து பிரிட்டிஷ்காரர்களுக்கு எதிராக நின்ற கட்சி, 1955இல் இந்திய வம்சாவளியினரான செட்டி ஜகன் ஒரு பக்கம், கறுப்பரான பர்னம் ஒரு பக்கம் என்று உடைந்தது. அதோடு ஊர்களும் உடைந்தன. 1964இல் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தம் கலவரமாக மாறி நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. கறுப்பர்கள் சிறுபான்மையாக இருந்த இடத்தில் அவர்கள் அடிபட்டார்கள், இந்தியர்கள் சிறுபான்மையாக இருந்த இடத்தில் இவர்கள். விஸ்மாரில் இந்தியர்கள் சிறுபான்மை. அந்த வருடம் மே 25ஆம் தேதி அவர்களுடைய வீடுகளும் கடைகளும் எரிந்தன. பெண்களுக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் படகுகளில் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரம் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, ஜார்ஜ்டவுனிலிருந்து மெக்கன்ஸிக்கு வந்துகொண்டிருந்த 'சன் சாப்மன்' என்ற படகு நடு ஆற்றில் வெடித்துச் சிதறியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்த ஊர்க் கறுப்பர்கள். செய்தி வந்ததும் மெக்கன்ஸியில் எஞ்சியிருந்த இந்தியர்களில் சிலரை அடித்துக் கொன்றார்கள்.

இரண்டு கணக்கும் ஒரே ஆற்றில். இரண்டு தரப்பும் தன் கணக்கை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறது என்று ஜார்ஜ்டவுனில் ஒருவர் சொன்னார். இன்று காலை கிறிஸ்டியன்பர்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மர அறுவை ஆலையின் இரும்பு நீர்ச்சக்கரத்தைப் பார்க்கப் போகும் வழியில், ஆன்ட்டி நின்று ஒரு மேட்டைக் காட்டினார். மாமரம், அதன் கீழே கான்கிரீட் படிக்கட்டு நான்கு படி. படிக்கு மேலே வீடு இல்லை. "துணிக்கடைக்காரர் வீடு. அவர் மகள் என்னோடு படித்தாள்." எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, "என் சித்தி அந்தப் படகில் இருந்தாள்" என்றார். எந்தப் படகு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீர்ச்சக்கரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கவனம் அதில் இல்லை.

இரவு மின்சாரம் போய் வந்தது. ஆன்ட்டி பழைய காலத்தைத் திட்டாமல் புகழாமல் பேசினார். கம்பெனி காலத்தில் மின்சாரத்துக்குக் காசு என்ற பேச்சே பெரிதாக இல்லை. ஆலைக்கு உற்பத்தி செய்ததில் ஊருக்கும் கொடுத்தார்கள். அந்தச் சலுகையைக் குறைக்கப் பார்த்தபோதுதான் 2012இல் ஊர் பாலத்தில் போய் உட்கார்ந்தது. ஜூலை 18ஆம் தேதி அங்கே துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். கட்டண உயர்வு நின்றது. அந்தப் பாலத்தைத்தான் நான் முதல் நாள் எரிச்சலோடு கடந்தேன்.

ஆறாம் நாள்

ஆன்ட்டியின் அண்ணன், அங்கிள், வந்துவிட்டார். எண்பது தாண்டியவர், கை மட்டும் நாற்பது வயதுக்காரனுடையது. என்னை 'பை' என்று கூப்பிட்டார். பையன் என்பதற்கான ஆங்கிலச் சொல் கயானா வாயில் அப்படி ஆகிறது. அறுபது வயதில் என்னைப் பையன் என்று அழைக்க ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சிதான்.

1966இல், நாடு விடுதலை அடைந்த வருடம், உலையில் சேர்ந்தார். 1971 ஜூலை 15ஆம் தேதி அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. டெம்பா, கைபாவ் ஆயிற்று. "கனடாக்காரர்கள் போனால் உலை அணைந்துவிடும் என்றார்கள். மறுநாள் நாங்கள்தான் ஓட்டினோம். அணையவில்லை." அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எண்ணெய் விலை ஏறியது, உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, மேலிடத்தில் கட்சிக்காரர்கள். 1961இல் திறந்த அலுமினா ஆலையை 1982இல் மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர் பிள்ளைகளில் இரண்டு பேர் நியூயார்க்கில், ஒருவர் டொராண்டோவில். "தாது போன வழியிலேயே போனார்கள்" என்று சிரித்தார்.

சுவரில், துணிக்கொடியில், மாங்காய் இலையில் எங்கும் படிந்த தூசியைப் பற்றிக் கேட்டேன். "அது எப்போதும் உண்டு. தூசி வராத நாளில்தான் பயப்படுவோம், உலை நின்றுவிட்டதோ என்று." ஆன்ட்டி உள்ளிருந்தே, "துணி துவைக்கிறவள் நான்" என்றார்.

அப்போது மூட்டையைப் பற்றிச் சொன்னேன். கிடங்கின் மூலை, கையெழுத்து, செங்கல், உருக்காலைக்குப் போகும் லாரி, எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை தாங்கியது?"

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. முப்பது வருடம் அந்தச் சரக்கைச் சுட்டிருக்கிறார். பதம் பார்த்து, இரும்பு அளவு பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கப்பல் ஏறிய பிறகு அது என்ன ஆயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உருகிய எஃகை ஒவ்வொரு முறை பாத்திரத்தில் வாங்கி ஊற்றுவதையும் நாங்கள் ஒரு ஹீட் என்போம். மற்ற செங்கல் நாற்பது ஹீட்டில் உதிரத் தொடங்கும் என்றேன். உங்கள் சரக்கில் செய்தது எங்கள் பதிவேட்டில் எழுபது தாண்டியிருக்கிறது. ஒருமுறை எழுபத்தாறு வந்தது, யாரும் நம்பாமல் மறுபடி எண்ணினார்கள்.

"எழுபத்தாறா?"

"எழுபத்தாறு, அங்கிள்."

தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து கதவருகே போனார். உள்ளே அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்த தங்கையிடம் உரக்க, "எழுபத்தாறாம், கேட்டாயா?" என்றார். தாளிக்கிற சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார்.